திரைத் தடத்தில் ஒரு பிழைப்பு: சிம் ரேசிங் தொழிலும் தங்கவயலின் கேள்வியும்

உண்மைக் காரின் இயக்க விதிகளைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளில், ஸ்டியரிங்கும் பெடல்களும் பொருத்திய இருக்கையில் அமர்ந்து, வெவ்வேறு நாடுகளில் இருப்போர் இணையம் வழியே ஒருவரோடொருவர் மோதும் கார்ப் பந்தயம் சிம் ரேசிங் எனப்படுகிறது. இதைப் பொழுதுபோக்காக ஆடுவோர் ஏராளம். ஓர் அணியின் ஊதியத்தையோ பரிசுப் பணத்தையோ நம்பி இதையே தொழிலாகக் கொண்டோர் மிகச் சிலர். அந்தச் சிலரைச் சுற்றி எழுந்த பெருமிதப் பேச்சு ஒன்று உண்டு: கார்ப் பந்தயம் இதுவரை பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருந்தது, இனி ஒரு கணினியும் ஓர் இணைய இணைப்பும் வைத்திருக்கும் எவரும் சாம்பியனாகலாம் என்பது அது. இந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என்பதைக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்து அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் கால்வைத்த நாள் முதல், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களால் நிறைந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குச் சென்றது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் இங்கேதான் முதலில் வந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பணியை நிறுத்தியபின், மாரிக்குப்பத்திலிருந்து விடியலுக்கு முன் கிளம்பும் ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புவது ஊரின் வாழ்க்கை முறையாயிற்று. பெருநகரத்தின் வசதி இங்கில்லை. பெருநகரம் எட்டாத தொலைவிலும் இல்லை. கையில் செல்பேசியும் உழைக்கும் உடம்பும் உண்டு, பந்தயத்துக்குச் செலவழிக்கும் பரம்பரைப் பணம் இல்லை. சிம் ரேசிங் யாருக்குக் கதவைத் திறப்பதாகச் சொல்கிறதோ, அந்த இளைஞன் இத்தகைய ஊரில்தான் இருக்கிறான்.

மூடியிருந்த கதவு எது என்பதை முதலில் கூற வேண்டும். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தை எட்டியவர்கள் இருவர், இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள்: கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியிலும், சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஹிஸ்பானியா அணியிலும் ஓட்டினார்கள். கார்த்திகேயனின் தந்தை ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர்; சந்தோக்கின் பாட்டனார் இந்து சந்தோக், 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களுள் ஒருவர். இருவரின் திறமையையும் இது சிறிதும் குறைப்பதாகாது. ஆனால் சோழவரம் விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களையும், பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தையும் அறிந்த வீட்டில் பிறக்காத ஒரு பிள்ளைக்கு அத்திறமை தன்னிடம் உண்டா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே கிட்டுவதில்லை என்பதை இது காட்டுகிறது. சிறுவர்கள் ஓட்டும் கார்ட்டிங் எனும் குறுவண்டிப் பந்தயத்திலேயே டயர், எஞ்சின், பயணம் என்று லட்சங்கள் கரைகின்றன. ஐரோப்பாவில் ஃபார்முலா ஃபோர் ஒரு பருவம் ஓட்டுவதற்குப் பல லட்சம் யூரோ வேண்டும். ஓட்டத் தெரிந்தவன் யார் என்று சோதிப்பதற்கே விலை இருந்த இடத்தில், அந்த விலையைச் சிம் ரேசிங் சில பத்தாயிரங்களுக்கும் இரண்டு மூன்று லட்சத்துக்கும் இடையே கொண்டுவந்தது. இதுவே அதன் உண்மையான சாதனை. இதற்கு மேல் சொல்லப்படுவனவற்றைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

திரையில் ஓட்டுவது உண்மையில் ஓட்டுவதற்கு எவ்வளவு நெருக்கம் என்ற கேள்விக்கு விடை, மென்பொருளும் கருவியும் செயல்படும் விதத்தில் இருக்கிறது. 2008இல் வெளிவந்த ஐரேசிங், இத்தாலியின் குனோஸ் நிறுவனம் உருவாக்கிய அசெட்டோ கோர்சா முதலிய மென்பொருள்களில் பெரும்பாலான தடங்கள் லேசர் கதிரால் அளக்கப்பட்டவை. அதாவது சாலையின் மேடு பள்ளம் அநேகமாக அப்படியே எண்களாக மாற்றப்பட்டிருக்கும். டயர் எவ்வளவு சூடேறியிருக்கிறது, எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுந்துகிறது என்பவற்றை மென்பொருள் நொடிக்குப் பல நூறு முறை கணக்கிட்டு, அதன் விளைவை ஸ்டியரிங்கின் எதிர்ப்பு விசையாக ஓட்டுநரின் கைக்கு அனுப்புகிறது. தொடக்கநிலைக் கருவியில் இவ்விசை இரண்டு நியூட்டன் மீட்டர் அளவிலிருக்கும். ஸ்டியரிங் நேரடியாக மோட்டாரின் அச்சிலேயே பொருத்தப்படும் விலைகூடிய கருவிகளில் எட்டு முதல் இருபதுக்கும் மேல் போகும், ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை வலிக்கும்.

இத்தொழிலின் கைத்திறன் பிரேக் பெடலில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரிவதில்லை. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவை நெருங்கும் ஓட்டுநர், முதல் கணத்தில் பெடலை முழு வலிமையோடு மிதிக்கிறார். அவ்வேகத்தில் காற்று காரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருப்பதால் சக்கரம் பூட்டிக்கொள்வதில்லை. வேகம் குறையக் குறைய அந்த அழுத்தமும் குறைகிறது. ஆகவே பாதத்தின் அழுத்தத்தையும் அதே விகிதத்தில் தளர்த்த வேண்டும், தளர்த்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பவும் வேண்டும். வளைவின் உள்விளிம்புவரை பிரேக்கை இழையாக இழுத்துச் செல்லும் இம்முறைக்கு டிரெயில் பிரேக்கிங் என்று பெயர். நல்ல கருவியின் பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளப்பதில்லை, எவ்வளவு எடையோடு மிதிக்கப்பட்டது என்பதை அளக்கிறது; ஏனெனில் மனிதக் கால் தூரத்தைவிட விசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். உண்மைக் காரில் இந்தச் சமநிலையை ஓட்டுநர் இடுப்பாலும் முதுகாலும் உணர்கிறார். திரை முன் அமர்ந்தவருக்கு அந்த உணர்ச்சி இல்லை. டயரின் கீச்சொலி, கையில் தளரும் விசை, திரையில் தடத்தின் விளிம்பு நகரும் கோணம் ஆகிய மூன்றைக் கொண்டே காரின் வால் வழுக்கப் போகிறதென்று அவர் ஊகிக்க வேண்டும். இவ்வகையில் சிம் ரேசர் உண்மைப் பந்தய வீரரைவிடக் குறைந்த தகவலைக் கொண்டு அதே முடிவை எடுப்பவர். சில ஃபார்முலா ஒன் வீரர்கள் திரைப் பந்தயத்தில் தொடக்கத்தில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

ஒழுங்கும் எண்களால் காக்கப்படுகிறது. ஐரேசிங்கில் தடத்தைவிட்டு விலகினால் ஒரு புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் இரண்டு, இன்னொரு காரோடு பலமாக மோதினால் நான்கு எனத் தவறுகள் கணக்கில் ஏறுகின்றன. இக்கணக்கைப் பொறுத்தே புதியவர் எனும் நிலையிலிருந்து டி, சி, பி, ஏ என்று உரிமம் உயரும். வெற்றி தோல்விகளுக்குச் சதுரங்கத் தரவரிசை போன்ற தனி மதிப்பெண்ணும் உண்டு. பரிந்துரையோ சாதியோ ஊர்ப்பெயரோ இந்த மதிப்பெண்ணில் இடம்பெறுவதில்லை. பிற விளையாட்டுகளில் தேர்வுக்குழுவின் வாசலில் காத்திருந்து அலுத்த சமூகங்களுக்கு இது சாதாரண விஷயமல்ல.

தொழிலாக இது உருவெடுத்த வரலாறு குறுகியது. யமவுச்சி கசுனோரி வடிவமைத்த கிரான் டுரிஸ்மோ 1997இல் சோனியின் விளையாட்டுப் பெட்டியில் வந்தது; அதை நன்றாக ஆடுவோரை உண்மைக் காரில் ஏற்றிப் பார்க்கலாம் என்று நிசான் நிறுவனம் சோனியோடு சேர்ந்து 2008இல் ஜிடி அகாடமியைத் தொடங்கியது. முதல் வெற்றியாளரான ஸ்பெயினின் லூக்காஸ் ஓர்டோன்யெஸ் மூன்றே ஆண்டுகளில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தின் இரண்டாம் நிலைப் பிரிவில் மேடையேறினார். 2011இன் வெற்றியாளரான பிரிட்டனின் ஜான் மார்டன்பரோவைப் பற்றி 2023இல் வந்த திரைப்படத்தால் இப்பாதை உலகமறிந்த கதையாயிற்று. ஆனால் நியூர்பர்க்ரிங்கில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்த அவருடைய விபத்து நடந்தது 2015இல், படமோ அதை அவர் 2013 லே மான்ஸில் மேடையேறியதற்கு முன் நடந்ததாக மாற்றி, மீண்டெழுந்த கதையாக்கிக்கொண்டது. சிம் ரேசிங் பற்றிய பெரும்பாலான எழுத்து இப்படித்தான் வசதிக்கேற்ப அடுக்கப்பட்டிருக்கிறது.

2017இல் ஃபார்முலா ஒன் தன் பெயரிலேயே ஈஸ்போர்ட்ஸ் எனும் மின்விளையாட்டுத் தொடரைத் தொடங்கியபோது தொழில் இரண்டாம் கட்டத்துக்கு வந்தது. முதல் இரண்டு பட்டங்களை வென்ற பிரெண்டன் லீ மெர்சிடிஸ் அணியில் ஒப்பந்தமானார். 2020, 2021 பட்டங்களை நெதர்லாந்தின் யார்னோ ஓப்மேர் வென்றார். அதே 2017இன் தொடக்கத்தில் லாஸ் வேகாஸில் மின்சாரக் கார்களின் தொடரான ஃபார்முலா ஈ நடத்திய திரைப் பந்தயத்தின் மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர். அதை வென்ற போனோ ஹுயிஸ், உண்மைக் கார்களை ஓட்டும் வீரர்களைப் பின்தள்ளினார். 2019 ஜனவரியில் மெக்சிகோவில் நடந்த சாம்பியன்களின் பந்தயத்தில், திரையில் மட்டுமே பெயரெடுத்திருந்த இத்தாலியின் என்சோ போனித்தோ, உண்மைக் காரில், உண்மைத் தடத்தில் ஃபார்முலா ஈ வீரர் லூக்காஸ் டி கிராஸியை வென்றது இத்துறையின் பெருமைக் கணம்.

இத்தகைய பெயர்களைக் கூர்ந்து பார்த்தால் இரு உண்மைகள் புலப்படும். 2018இல் கிரான் டுரிஸ்மோ உலகப் பட்டம் வென்று, 2020இல் நியூசிலாந்தில் உண்மைக் கார்த் தொடரையும் வென்ற இகோர் ஃப்ராகா, மிகச் சிறு வயதிலேயே கார்ட்டிங் ஓட்டத் தொடங்கியவர். 2025 செப்டம்பரில் ஃபார்முலா ஒன் வீரர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனோடு இணைந்து நியூர்பர்க்ரிங்கில் ஃபெராரி காரில் வென்ற கிறிஸ் லுல்ஹாமும் கார்ட்டிங்கில் வளர்ந்தவரே. உண்மைத் தடத்தில் தொடங்கியவர்கள் திரை வழியாகச் சுற்றி மீண்டும் அங்கேயே வந்த கதைகள் இவை. தடத்தையே பாராத ஒருவன் திரையிலிருந்து நேரே இறங்கிய கதைகள் இவற்றைவிட அரிது. இரண்டாவது, திரை வழியே தடத்துக்கு வந்தோர் எல்லோரும் அங்கே நிலைத்துவிடவில்லை. 2019இல் உலகின் வேகமான விளையாட்டாளர் போட்டியை வென்ற ஜேம்ஸ் பால்ட்வின், அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் ஜிடி தொடரில் மெக்லாரன் காரில் தம் முதல் பந்தயத்தையே வென்றார். ஆயினும் 2022இல் அவர் பதக்கம் வென்றது உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. நடத்தும் விளையாட்டு விழாவின் திரைப் பந்தயப் பிரிவில். பரிசாகக் கிடைத்த ஒரு பருவம் முடிந்ததும் அடுத்த பருவத்துக்குப் பணம் யார் தருவது என்ற பழைய கேள்வி அதே இடத்தில் காத்திருக்கிறது.

2020இன் பெருந்தொற்று இத்துறையைத் திடீரென வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தடங்கள் மூடப்பட்டதால் ஃபார்முலா ஒன்னும் ஃபார்முலா ஈயும் தம் வீரர்களைத் திரை முன் அமர்த்தின; ஜூனில் நடந்த மெய்நிகர் லே மான்ஸில் ஐம்பது கார்களில் இருநூறு ஓட்டுநர்கள் மாறி மாறி இரவு பகலாக ஓட்டினார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் ஃபார்முலா ஈ வீரர் டேனியல் அப்ட், தம் பெயரில் ஒரு சிம் ரேசரை ஓட்டவைத்து மூன்றாமிடம் பிடித்து, அகப்பட்டு, பத்தாயிரம் யூரோ அபராதம் கட்டியதோடு ஆவ்டி அணியிலிருந்த இடத்தையும் இழந்தார். அதை வேடிக்கை என்று அவர் விளக்கினார். ஓர் உண்மைப் பந்தய வீரருக்கு ஆள்மாறாட்டம் செய்ய ஒரு திரை வீரர் தேவைப்பட்டார் என்பது இத்திறன் தனித்ததொரு தொழில்திறன் என்பதற்கு அமைந்த சான்றாகும், சான்று வந்த வழி சற்றே கோணலானதாக இருந்தாலும்.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலேதான் இத்தொழிலின் இயல்பு வெளிப்படுகிறது. பெரிய அணிகளின் மாத ஊதியம் விரல்விட்டு எண்ணத்தக்கோருக்கே கிடைக்கிறது. பரிசுப் பணம் பெரும்பாலும் முதல் சில இடங்களோடு வற்றிவிடுகிறது. அந்த இடங்களுக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு சுற்றில் நொடியின் பத்திலொரு பங்குகளில் அளக்கப்படுவது. எஞ்சியோர் பயிற்சி வகுப்பு எடுக்கிறார்கள், தங்கள் ஓட்டத்தை நேரலையில் காட்டி ரசிகர்களின் காணிக்கையையும் விளம்பரத்தையும் பெறுகிறார்கள், காரின் சக்கரக் கோணம், இறக்கை உயரம் முதலியவற்றைத் தடத்துக்கேற்ப அமைத்த செட்டப் எனும் கோப்புகளை விற்கிறார்கள். பல கிளைகளிலிருந்து வரும் இச்சிறு வருமானங்களைக் கூட்டித்தான் ஒரு மாதம் ஓடுகிறது.

இந்தக் கிளைகள் யாவும் ஒரே மரத்தில் இருக்கின்றன என்பது பெரிய இடர். கால்பந்தோ கபடியோ யாருக்கும் சொந்தமல்ல. மைதானம் மூடினால் வேறு மைதானத்தில் ஆடலாம். சிம் ரேசிங்கிலோ தடம், கார், விதி, மதிப்பெண், போட்டி அனைத்தும் ஒரு நிறுவனத்தின் உடைமை. அது சேவையை நிறுத்தினால் ஓட்டுநரின் பத்தாண்டுத் தேர்ச்சி அன்றே பாதி மதிப்பிழக்கும். ஜிடி அகாடமி 2016ஓடு முடிந்தது. ஃபார்முலா ஒன் வீரர்களையே ஈர்த்த மெய்நிகர் லே மான்ஸ், 2023 ஜனவரியில் இணையத் துண்டிப்பால் வெர்ஸ்டாப்பன் வெளியேறிச் சினந்து பேசியதற்குப் பின் மீண்டும் நடக்கவில்லை. இந்தியாவில் இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு, பந்தயமல்லாத வேறொரு விளையாட்டில் கிடைக்கிறது: பி.ஜி.எம்.ஐ. எனப்படும் செல்பேசிச் சுடுவிளையாட்டு 2022 ஜூலையில் அரசு ஆணையால் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்வரை திரும்பாதிருந்தபோது, அதையே தொழிலாகக் கொண்ட அணிகளும் வீரர்களும் பத்து மாதம் வேலையற்று நின்றார்கள்.

ஒரே கம்பெனியை நம்பிய வாழ்வின் இயல்பைத் தங்கவயலுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வீடு, தண்ணீர், மருத்துவமனை, பள்ளி, சாலை விளக்கு எல்லாம் கம்பெனியினுடையதாக இருந்த ஊர் அது; கம்பெனி மூடியபோது வேலை போனதோடு வீட்டின் உரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. ஆழத்தில் பாறை அழுத்தத்தை ஒலியைக் கேட்டே அறிந்த சுரங்கத் தொழிலாளியின் அறிவுக்கு, சுரங்கத்துக்கு வெளியே சந்தை இல்லாமற்போனது. திரைப் பந்தயத் தொழிலுக்குள் நுழைய எண்ணும் ஒருவன் தன் தேர்ச்சி எங்கெல்லாம் விலைபோகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதன் காரணத்தைப் பரிசுப் பட்டியலைவிட இந்த ஊரின் வரலாறு நன்றாகக் கற்பிக்கும்.

இனி, நுழைவதற்கான செலவு. தொடக்கநிலை ஸ்டியரிங்கும் பெடல்களும் முப்பதாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கின்றன. போட்டித் தரத்துக்கு நேரடி மோட்டார் ஸ்டியரிங், எடை அளக்கும் பெடல், அசையாத இருக்கைச் சட்டகம், வலுவான வரைகலை அட்டை கொண்ட கணினி என்று சேர்த்தால் இரண்டு மூன்று லட்சத்தைத் தொடும். உண்மைப் பந்தயத்தோடு ஒப்பிட்டால் இது அற்பம். பெங்களூரில் காவலாளியாகவோ கடை ஊழியராகவோ வேலைசெய்யும் குடும்பத்தலைவரின் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் அற்பமல்ல. பணம் கிடைத்தாலும் இடம் வேண்டும். சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்டு, லைன் என்று வழங்கும் வரிசை வீடுகளில் ஓரறையோ ஈரறையோதான். ஆறடி நீளச் சட்டகத்தை அங்கே நிரந்தரமாகப் போட்டுவைத்தால் இரவில் ஒருவர் படுக்கும் இடம் போய்விடும். மேசையில் திருகிப் பொருத்திக் கழற்றும் கருவியில் பயில்வோர் பலர். ஆனால் முழு எடையோடு பிரேக்கை மிதிக்கும்போது நாற்காலி பின்னால் நகர்ந்தால், மேலே விவரித்த பாத நினைவு உருவாகவே உருவாகாது.

தூரமும் ஒரு செலவே. கணினியிலிருந்து புறப்படும் தகவல் போட்டிக் கணினியை எட்டித் திரும்ப ஆகும் நேரம் பிங் எனப்படும். தென்னிந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அது சாதாரணமாக 150 மில்லிநொடி அளவில் இருக்கிறது. மணிக்கு 250 கிலோமீட்டரில் ஒரு கார் அந்நேரத்தில் சுமார் பத்து மீட்டர், அதாவது இரண்டு கார் நீளம் ஓடிவிடும். ஒவ்வொருவரின் காரும் அவரவர் கணினியிலேயே கணக்கிடப்படுவதால் தனியாக ஓட்டும்போது இத்தாமதம் தெரியாது. பக்கத்துக் காரின் இடத்தை மென்பொருள் ஊகித்துக் காட்டுவதால், ஒட்டி உரசிப் போராடும்போதுதான் தெரியும். இந்திய ஓட்டுநர் தகுதிச்சுற்றில் நான்காவதாக வந்து, பந்தயத்தின் முதல் வளைவில் தான் தொடாத காரைத் தொட்டதாகக் கணக்கேறிப் பின்தங்குவது இதனால் நேரக்கூடியது. ஐரோப்பிய மாலை எட்டு மணிப் பந்தயம் குளிர்காலத்தில் இந்தியாவில் நள்ளிரவு பன்னிரண்டரை. விடியலுக்கு முன் ரயிலைப் பிடித்தாக வேண்டியவன் அப்பந்தயத்தில் ஓட்டித் தூங்கும் நேரத்தைக் கணக்கிட்டால், ரயில் பயணத்திலேயே நாளுக்கு நான்கு மணி நேரம் கொடுப்பவனுக்கு நாள்தோறும் பல மணி நேரம் பயிலும் ஐரோப்பிய இளைஞனோடு போட்டியிடுவது எத்தகையது என்பது விளங்கும். பழைய தடை பணம் என்ற ஒற்றை உருவில் நின்றது. புதிய தடை நேரம், இடம், தூரம் என்று பிரிந்து நிற்பதால் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை.

இந்தியாவில் மின்விளையாட்டு என்றாலே செல்பேசி விளையாட்டு என்றாகிவிட்டதும் இத்துறை தளிராமைக்கு ஒரு காரணம். செல்பேசி எல்லோரிடமும் உண்டு. ஆகவே விளம்பரதாரரும் பார்வையாளரும் அங்கே குவிகிறார்கள், ஸ்டியரிங் வேண்டும் விளையாட்டுக்கு மிச்சம் கொஞ்சமே. முயற்சிகள் இல்லாமலில்லை. ஜிடி அகாடமி 2014இல் இந்தியாவிலும் ஆட்களைத் தேடியது. கிரேட்டர் நொய்டாவின் புத் தடம் 2011 முதல் சில ஆண்டுகள் அதிகாரபூர்வ ஃபார்முலா ஒன் விளையாட்டில் இடம்பெற்றது. 2020இல் ஃபோக்ஸ்வாகன் தன் இந்திய மோட்டார் விளையாட்டுப் பிரிவின் வழியே மெய்நிகர் பந்தயத் தொடர் நடத்தியது. இவற்றுள் எதுவும் ஆண்டுதோறும் தொடர்ந்து வளர்ந்து ஒரு படிக்கட்டாக அமையவில்லை என்பதே குறை. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் இறுதியில் இரவுத் தெருப்பந்தயம் நடந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த ஆர்வத்தைக் கண்டால், கூட்டம் இல்லாததல்ல தடை என்று தெரியும்.

சட்டம் அண்மையில்தான் தெளிவடைந்தது. 2022 டிசம்பரில் வந்த அரசிதழ் அறிவிப்பின்படி ஈஸ்போர்ட்ஸ் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடைசெய்து, திறனால் மட்டும் முடிவாகும் ஈஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரித்தது; நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் இருக்கலாம், பந்தயம் கட்டுதல் கூடாது என்பது அதன் சாரம். சீட்டாட்டச் செயலிகளில் பணம் தொலைத்த குடும்பங்களை அறிந்த பெற்றோருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்த காலத்தில், இந்தப் பிரிவினையின் பயன் வழக்குமன்றத்தைவிட வீட்டுக் கூடத்தில் அதிகம். ஆனால் அங்கீகாரம் வேறு, வேலைவாய்ப்பு வேறு; விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் கபடி வீரர் வேலை பெறுவதைப்போல் சிம் ரேசர் பெறும் நிலை இன்னும் வரவில்லை.

ஆகவே தங்கவயல் இளைஞன் சாம்பியனாகலாமா என்பதைக் காட்டிலும், சாம்பியனாகாவிட்டால் கற்ற திறன் என்னாகும் என்று கேட்பதே பொருளுள்ளது. இங்கே விடை அவ்வளவு இருண்டதல்ல. நெதர்லாந்தில் சமையலறை விற்பனையாளராக இருந்து 2017இல் மெக்லாரனின் திரைப் போட்டியை வென்ற ரூடி வான் பூரன், பின்னர் ரெட்புல் அணியின் சிமுலேட்டர் ஓட்டுநரானார். உலகின் ஏதோ ஒரு தடத்தில் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் கார் சரியாக அமையாதபோது, இங்கிலாந்தில் இரவெல்லாம் அதே தடத்தைத் திரையில் ஓட்டி, எந்த மாற்றம் பயன் தரும் என்று சொல்வது அவருடைய வேலை. முடிவுப் பட்டியலில் அவர் பெயர் வராது, சம்பளம் வரும். ஒரு காரின் நடத்தையைத் துல்லியமாக உணர்ந்து, பொறியாளருக்குப் புரியும் சொற்களில் கூறி, வரைபடமாக விரியும் ஓட்டத் தரவோடு அதை ஒப்பிட்டுக் காட்டும் இத்திறன் பந்தய உலகுக்கு வெளியிலும் விலைபோவது.

திறந்தவெளிச் சுரங்கங்களில் நூறு டன் சுமக்கும் டம்பர் லாரியைக் கையாளும் ஓட்டுநர்களுக்கு முதலில் சிமுலேட்டரில் பயிற்சி தரும் வழக்கம் இன்று பரவியுள்ளது; அத்தகைய சுரங்கங்களில் உழைக்கும் புல்டோசர்களைச் செய்யும் பி.இ.எம்.எல். தொழிற்சாலை 1960களிலிருந்து தங்கவயலிலேயே இயங்குகிறது. வாகன நிறுவனங்கள் பெங்களூரில் நடத்தும் ஆய்வு அலுவலகங்களில் காரின் சஸ்பென்ஷனும் டயரும் முதலில் மென்பொருள் மாதிரியாகவே சோதிக்கப்படுகின்றன. தங்கவயலின் ஊர்காமில் உள்ள பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு அந்த அலுவலகங்களின் வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கும் ஒருவனுக்கு, ஓய்வு நேரத்தில் டயர் அழுத்தத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த அனுபவம் நேர்காணலில் பேசுவதற்குரிய பொருளாகும். ஐரோப்பியத் தரவரிசையில் அவன் எத்தனையாவது என்பதை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அங்கே கிடைப்பது மாதம் பிறந்தால் சம்பளமும் பி.எஃப். பிடித்தமும் உள்ள வேலை.